ஜெயித்த இரவிலும் அண்ணன் எழுந்திருக்கவில்லை

இரவு 12.45 மணிக்கு அண்ணனுடைய சூதாட்ட ஆப் கணக்கில் இருந்த பணம், அவன் அதுவரை வாங்கியிருந்த கடன் மொத்தத்தையும் அடைத்துவிட்டு, கையில் கொஞ்சம் மிச்சமும் வைக்கப் போதுமானதாக இருந்தது. அது எனக்குத் தெரியவந்தது 7 மாதம் கழித்து. வங்கி ஸ்டேட்மென்ட்டை ஒரு பக்கமும் அந்த ஆப்பில் எடுத்த கணக்கை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, ஸ்கேலும் பென்சிலுமாக வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தேன். 12.45க்கு அந்தத் தொகை. 12.47க்கு, பணத்தை வங்கிக்கு மாற்றச் சொல்லி அவன் கொடுத்த கோரிக்கை. 12.52க்கு அதே கோரிக்கை ரத்து. ரத்து செய்ததும் அவன்தான். அதற்குக் கீழே நான்கு பக்கத்துக்குச் சின்னச் சின்னத் தொகைகள். விடிகாலை 5.10க்குப் பூஜ்யம். 5.14க்கு வங்கியிலிருந்து புதிதாக ஒரு டெபாசிட்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அழவில்லை, திட்டவில்லை. "கடன் பூரா அடையுற அளவுக்கு வந்திருக்கே, அப்பவும் ஏன் எந்திரிக்கல?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காரணம் பேராசை. கொஞ்சம் இரக்கம் வந்த நாட்களில், விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறான் என்போம். இரண்டுமே பணத்தை வைத்துச் சொல்கிற காரணங்கள். பணம்தான் காரணம் என்றால் 12.45க்கு அவன் எழுந்துபோய்த் தூங்கியிருக்க வேண்டும். விட்டது முழுக்கக் கைக்கு வந்துவிட்டதே!

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த 7 நிமிடம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றரை வருடமாகச் சூதாட்ட அடிமைத்தனம் பற்றிய ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். இதே போல ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது முதன்முதலாக ஏறியது 1980ல். அப்போது இதைத் திருடும் வெறி, தீ வைக்கும் வெறி போன்றவற்றோடு, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில் ஒன்றாக வைத்தார்கள். 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அங்கிருந்து எடுத்து, மதுவும் போதைப்பொருளும் இருக்கிற அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டார்கள். உடம்புக்குள் எந்தப் பொருளும் போகாமலே அந்த அத்தியாயத்தில் நோயாக இடம்பிடித்தது இது ஒன்றுதான். 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இதை அடிமைத்தனம் என்றே சொல்கிறது.

அமெரிக்கப் பட்டியலில் இந்த நோய்க்கு 9 அடையாளங்கள் உண்டு. 12 மாதத்துக்குள் 4 இருந்தாலே நோய் என்று கொள்ளலாம். ஒரு நோயாளியை மருத்துவர்தான் சோதிக்க வேண்டும், தங்கை சோதிக்கக் கூடாது. தெரிந்தும் நான் பென்சிலை எடுத்து டிக் போட்டுக்கொண்டே போனேன். அதே கிளர்ச்சி கிடைக்க மேலும் மேலும் அதிகமாகப் பணம் வைப்பது. நிறுத்தினால் எரிந்து எரிந்து விழுவது. நிறுத்தப் பார்த்துப் பார்த்துத் தோற்பது. எந்நேரமும் அதே நினைப்பு. மனசு நொந்திருக்கும்போது ஆடப் போவது. விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்ப வருவது. மறைக்கப் பொய் சொல்வது. வேலையும் உறவும் கெட்டுப்போவது.

ஒன்பதாவதில் பென்சில் நின்றுவிட்டது. சூதாட்டத்தால் வந்த நெருக்கடியிலிருந்து மீளப் பணத்துக்கு மற்றவர்களை நம்பியிருப்பது. அந்த மற்றவர்கள் நாங்கள். மூன்று தடவை அவன் கடனை அடைத்தோம். முதல் தடவை அம்மா, யாரிடமும் சொல்லாமல். இரண்டாவது தடவை நான். மூன்றாவது தடவை எல்லோரும் உட்கார்ந்து பேசி, இதுதான் கடைசி என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அடைத்தோம். அவனும் மனசாரத்தான் சத்தியம் செய்தான், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. ஆனால் கடன் தீர்ந்த மறுநாள் அவனுக்குக் கிடைத்தது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன்: சுத்தமான கணக்கு, மறுபடி கடன் தரக் காத்திருக்கிற ஆப்கள், தலையில் பாரம் இல்லாத ஒரு மாலை நேரம். நாங்கள் அவனுக்கு அடுத்த சுற்றுக்கான முதலைக் கொடுத்திருக்கிறோம். எங்கள் அன்பு ஒரு நோயின் அறிகுறியாக அச்சில் இருந்ததைப் பார்த்தபோது வந்த வலியை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை.

சரி, 12.52க்கு வருகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பலரும் அறிந்தவை. ஒவ்வொரு கொத்துக்கும் தீனி விழுந்து பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்துவிட்டால், விடாமல் கொத்தும். தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். 2003ல் மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவரோடு வேலைசெய்தவர்களும் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்கிற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார்கள். ஒரு படம் தெரிந்தால் பழச்சாறு நிச்சயம் வரும், இன்னொன்று தெரிந்தால் வராது, மற்றொன்று தெரிந்தால் வரலாம், வராமலும் போகலாம். காத்திருக்கிற அந்த இரண்டொரு நொடியில் டோபமைன் செல்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றம் எப்போது உச்சத்தில் இருந்தது தெரியுமா? சாறு நிச்சயம் என்கிறபோது அல்ல. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறபோது.

இதைப் படித்ததும் அண்ணனுடைய கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அவன் ஆடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஸ்பின் பொத்தானை அழுத்திய பிறகு விரல் திரையை விட்டு விலகாது, ஒரு மயிரிழை மேலே நிற்கும். படங்கள் சுற்றி நிற்கும் வரை மூச்சு நின்றிருக்கும். முடிவு தெரிந்ததும் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இருக்காது. ஜெயித்தாலும் அப்படித்தான், தோற்றாலும் அப்படித்தான். விரல் மறுபடி இறங்கிவிடும். அவன் முகம் உயிரோடு இருந்தது அந்தச் சுழலும் நேரத்தில் மட்டும்தான்.

அன்று பத்துச் சுற்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு தடவை திரையில் காசு மழை, மணிச் சத்தம், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். "வந்துச்சு பாத்தியா?" என்றான். நான் எண்ணைப் பார்த்தேன். 20 புள்ளி வைத்ததற்கு 8 புள்ளி வந்திருக்கிறது. அதாவது 12 போய்விட்டது. நான்கு காசு மழையில் மூன்று இப்படித்தான். "போயிருக்குண்ணா" என்று சொன்னேன். அவன் காதில் விழவில்லை.

வெற்றி வேஷம் போட்ட இந்தத் தோல்விகளைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ல் சோதித்தார்கள். புதிதாக ஆடுகிறவர்களின் தோலில் வியர்வையால் வரும் மின் மாற்றத்தை அளந்தபோது, உண்மையான வெற்றிக்கு உடம்பு எப்படித் துள்ளியதோ, ஏறக்குறைய அப்படியே இந்தப் பொய் வெற்றிக்கும் துள்ளியது. அதற்கு முந்தைய ஆண்டு லூக் கிளார்க்கும் அவரது குழுவினரும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். மயிரிழையில் தவறுகிற ஆட்டம் ஆடுகிறவருக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மூளையில் வெற்றியின்போது விழிக்கிற பகுதிகளை அது எழுப்புகிறது, இன்னும் ஆட வேண்டும் என்கிற ஆசையைக் கூட்டுகிறது. தோற்றுப்போனது, ஆனால் மூளை அதை 'நெருங்கிவிட்டோம்' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. அதிர்ஷ்டம் மட்டுமே முடிவு செய்கிற ஆட்டத்தில் நெருங்குவது என்று ஒன்று கிடையாது.

"இவ்ளோ நேரம் வரல, இனிமே வந்தே ஆகணும்" என்று அவன் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழலும் சக்கரத்தில் பந்து கறுப்பில் விழுமா சிவப்பில் விழுமா என்று பந்தயம் கட்டுகிற ஒரு ரூலெட் மேசையில் தொடர்ந்து 26 தடவை கறுப்பே விழுந்தது. ஒவ்வொரு கறுப்புக்குப் பிறகும் இனி சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் இழந்துகொண்டே போனார்கள். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஆடுகிற மனசுக்கு அது புரிவதில்லை.

இத்தனையும் அவன் ஏன் தொடர்ந்து ஆடினான் என்பதைச் சொல்கின்றன. கைக்கு வந்த பணத்தை ஏன் மறுபடி உள்ளே போட்டான் என்பதை எனக்குப் புரியவைத்தது மூளை ஆய்வு அல்ல. லாஸ் வேகாஸில் பல வருடம் ஸ்லாட் மெஷின் (அண்ணன் ஆடியதைப் போலவே படங்கள் சுழன்று நிற்கிற சூதாட்ட மெஷின்) ஆடுகிறவர்களோடு பேசிப் பழகிய மானுடவியலாளர் நடாஷா டவ் ஷுல் எழுதியவை. அவரிடம் பேசியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஜெயிப்பதற்காக நாங்கள் ஆடுவதில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறோம். உட்கார்ந்த சில நிமிடத்தில் நேரம், பசி, கடன், வீடு, தன் உடம்பு எல்லாம் மங்கிப்போகிற ஓர் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஜெயித்த பணம் அந்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் தங்குவதற்கான வழிச்செலவு, அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகுதான் அண்ணனிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்கும் தைரியம் வந்தது. தாளைக் காட்டினேன். வெகுநேரம் 12.52ஐயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டா முடிஞ்சிடும்ல" என்றான். "முடிஞ்சா ஃபோனக் கீழ வைக்கணும். வெச்சா எல்லாம் ஞாபகம் வரும். உங்க அண்ணி மூஞ்சிய காலையில பாக்கணும். பணம் வந்ததும் எனக்குச் சந்தோஷமே வரல. பயமா இருந்துச்சு."

அவன் ரத்து செய்ய முடிந்தது எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் கேட்டவுடனே கொடுத்துவிடாமல் கொஞ்ச நேரம் நிலுவையில் வைத்து, 'மனம் மாறினால் திரும்பப் பெறலாம்' என்று பொத்தானைத் திறந்து வைப்பது யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு. பிரிட்டனில் 2021ல் இதை நிரந்தரமாகத் தடை செய்துவிட்டார்கள். வைத்ததைவிடக் குறைவாக வரும்போது கொண்டாட்டச் சத்தம் எழுப்புவதையும், ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்று 2.5 நொடிக்குள் முடிவதையும் அதே ஆண்டில் தடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வியர்வையை அளந்தது வீண்போகவில்லை என்று அதைப் படித்தபோது நிறைவாக இருந்தது. அந்த விதிகள் எட்டாத இடத்தில் என் அண்ணன் மாதிரி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

குணத்தைக் குறை சொல்வதை நான் நிறுத்தியது பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றிப் படித்தபோது. நடுக்கத்தைக் கட்டுப்படுத்த அவர்களில் பலருக்கு டோபமைனைப் போலவே வேலை செய்கிற மருந்துகளைத் தருகிறார்கள். அதுவரை ஒரு பந்தயம்கூடக் கட்டாத சிலர், மருந்தை ஆரம்பித்த பிறகு சூதாட்டத்தில் விழுந்தார்கள். மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் பலருக்கு அந்த வெறி வடிந்துபோனது. 2010ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் 5 சதவீதம் பேருக்குச் சூதாட்டப் பிரச்சினை இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கணக்காகச் செலவு செய்த ஒருவரை ஒரு மாத்திரை இப்படி மாற்றும் என்றால், பேராசைக்காரன் என்று நான் என் அண்ணனுக்கு வைத்த பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொய் சொன்னது அவன்தான். அந்தப் பொறுப்பை அவனும் தள்ளிவிடவில்லை.

அடுத்து எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சுவீடனில் சூதாட்டக் கோளாறு என்று மருத்துவமனைப் பதிவில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2018ல் வந்தது. பொது மக்களோடு ஒப்பிட்டால், தற்கொலையால் இறப்பது அவர்களிடம் 15 மடங்கு இருந்தது. அன்று இரவே அண்ணனிடம் நேராகக் கேட்டேன். "சாகணும்னு தோணுதாண்ணா?" என்ற அதே வார்த்தைகளில். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுவோம். அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அவன் ஆமாம் என்றான். இரண்டு தடவை தோன்றியிருக்கிறது. மறுநாள் காலை மனநல மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். கடனைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த வீட்டில் யாருமே அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாமல் உடனே உதவிக்குக் கூட்டிப் போங்கள்.

'பொறுப்போடு விளையாடுங்கள்' என்கிற வாசகத்தைப் பார்த்தால் எனக்கு இப்போது நெஞ்சு கொதிக்கிறது. 2010ல் ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் போட்ட கணக்குப்படி, அங்கே சூதாட்ட மெஷின்களில் மக்கள் செலவழிக்கிற பணத்தில் சுமார் 40 சதவீதம் சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களுடையது. எல்லோரும் பொறுப்போடு விளையாடிவிட்டால் அந்தத் தொழிலின் வருமானத்தில் எவ்வளவு மிஞ்சும்? 2024ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், உலகம் முழுக்க சுமார் 8 கோடி பெரியவர்களுக்கு இந்தக் கோளாறோ பிரச்சினையோ இருப்பதாக மதிப்பிட்டது. ஆன்லைன் கேசினோவோ ஸ்லாட்டோ ஆடுகிற பெரியவர்களில் 15.8 சதவீதம் பேருக்கு நோயாகவே இருக்கலாம் என்றது. ஆறில் ஒருவர்! இது தனி மனிதரின் மன உறுதி பற்றிய விஷயம் என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்போம்? நார்வே 2007ல் தன் ஸ்லாட் மெஷின்களை மொத்தமாக அகற்றியது. ஆட்டமும் குறைந்தது, பிரச்சினையும் குறைந்தது.

சிகிச்சையில் அதிகம் சோதிக்கப்பட்டது, தவறான நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றுகிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. இதற்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒப்புதல் கொடுத்த மருந்து எதுவும் இல்லை. மதுப் பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்சோன் சோதனைகளில் சிலருக்கு உதவியிருக்கிறது. கனடாவின் உளவியலாளர் ராபர்ட் லடூசர் ஆடுகிறவர்களை உட்காரவைத்து, மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடச் சொன்னார். அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி தவறான நம்பிக்கை. தாங்கள் சொன்னதைத் தாங்களே திரும்பக் கேட்கிறபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அண்ணனின் ஆலோசகரும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். 2006ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு எங்கள் எல்லோருக்கும் தெம்பு கொடுத்தது: இந்த நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முறையான சிகிச்சைக்கே போகாமல் மீண்டிருந்தார்கள். ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான் என்பது உண்மையில்லை.

வீட்டில் செய்ததெல்லாம் சாதாரண வேலைகள். சம்பளம் அண்ணியின் கணக்குக்குப் போகிறது. ஆப்களில் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் படிவத்தை அவனே நிரப்பினான். ஃபோனில் தடுப்பு மென்பொருள் போட்டு, அதன் பாஸ்வேர்டை நான் வைத்திருக்கிறேன். கடன்காரர்களிடம் அவனே பேசித் தவணை வாங்கினான், நாங்கள் ஒருவரும் நடுவில் போகவில்லை. அம்மாவுக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டு தடவை என்னிடம் கெஞ்சினார். நான்காவது மாதத்தில் ஒரு நண்பனின் ஃபோனை வாங்கி ஆடிவிட்டான். ஆனால் அன்று மாலையே வந்து அண்ணியிடம் சொன்னான். முன்பு ஒரு பொய்யைப் பிடிக்க எங்களுக்கு 7 மாதம் ஆனது.

ஆலோசகர் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஆட வேண்டும் என்று தோன்றியதும் நேரத்தை எழுத வேண்டும், அது அடங்கியதும் மறுபடி நேரத்தை எழுத வேண்டும். வேறெதுவும் வேண்டாம். மேசைமேலேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அண்ணனே சொல்லிவிட்டான். '9.40 தோணுச்சு, 10.25 போச்சு.' '4.15 தோணுச்சு, 4.35 போச்சு.' ஆரம்பத்தில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் ஆனது. இப்போது ஒரு பக்கம் ஒரு வாரத்துக்கு வருகிறது.

போன வாரம் அண்ணி அதைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு வரியில் விரலை வைத்து அவனைக் கூப்பிட்டார். '11.20 தோணுச்சு' என்று மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அண்ணி முகம் இறுகிப்போயிருந்தது. "இது எப்ப போச்சு? ஏன் எழுதல?"

அண்ணன் நோட்டை வாங்கித் தேதியைப் பார்த்தான்.

"தெரியல" என்றான். "தூங்கிட்டேன்."